சிஸ்லாக் வரைவில் காணலாகும் நூற்குற்றங்கள்: ஓர் ஆராய்ச்சி

கணினி முனகுவது இயற்கை. அம்முனகலை இன்னொரு கணினி கேட்டு எழுதி வைப்பதும் இயற்கையே. எவ்வாறு முனக வேண்டும் என்று இலக்கணம் வகுக்கப் புகுந்தபோதுதான் இவ்வாராய்ச்சிக்கு இடமுண்டாயிற்று.

சிஸ்லாக் என்னும் பதிவு நெறிமுறையை 1980-களில் எரிக் ஆல்மன், பெர்க்லியில் தாம் எழுதிய செண்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுக்குத் துணையாகப் படைத்தார். பின்னர் நெடுங்காலம் அது இலக்கணமின்றியே வாழ்ந்தது; நன்றாகவே வாழ்ந்தது. 2001 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 3164 என்னும் இணைய நெறிமுறை ஆவணம், வழக்கில் கண்டதை எடுத்தோதிய நூல். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்னும் நம் மரபோடு இது பொருந்துவது கண்டு மகிழலாம். மகிழ்ச்சி நீடிப்பதில்லை. யூ.டி.பி. வழியே 514-ஆம் போர்ட்டுக்கு எது வந்து சேர்ந்தாலும் அதைச் சிஸ்லாக் செய்தியாகவே கொள்க என்று அந்நூல் விதிக்கிறது. வாசலில் வந்து நின்றவரெல்லாம் சம்பந்தி என்பது போன்ற விதி இது.

நூற்குற்றம் பத்தனுள் குன்றக் கூறலுக்கு இதன் தேதியே தக்க சான்று. அக்டோபர் 11, 22:14:15 என்று நொடி வரை சொல்லும், ஆண்டைச் சொல்லாது. எந்த ஊர் நேரம் என்பதும் இல்லை. டிசம்பர் 31 நள்ளிரவுக்கு இரு நொடி முன்னர்ப் புறப்பட்ட செய்தி புத்தாண்டன்று வந்து சேர்ந்தால், அது நடந்து முடிந்ததா, பன்னிரண்டு மாதம் கழித்து நடக்கப்போவதா என்னும் ஐயம் எழும். இயந்திரத்துக்கு ஞானதிருஷ்டி கிடையாது எனக் கொண்டு ஓராண்டைக் கழித்துக்கொள்வர் உலோகாயதர்.

கூறியது கூறலும் உண்டு. செய்தி எத்துறையினின்று வருகிறது என்பதற்கு 0 முதல் 23 வரை எண்கள் உள. 9 கடிகார டீமன். 15-உம் கடிகார டீமன். வெவ்வேறு இயங்குதளங்கள் வெவ்வேறு எண்ணை வழங்கியமையின் இது வட்டார வழக்கு என அமைதி கூறுவர் உரைகாரர். ஏற்கலாம். ஆயின் லைன் பிரிண்டருக்கும், இன்று பலர் கண்ணால்கூடக் கண்டிராத யூ.யூ.சி.பி.க்கும் தனித்தனி எண் இருக்க, வெப் சர்வருக்கு ஒன்றுமில்லை. அது ‘லோக்கல்’ என ஒதுக்கிய எட்டில் ஒன்றைத் துண்டு போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவற்றைத் திருத்தப் புகுந்த, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அவையின் ஒழுகலாறு தனியே ஆராயத்தக்கது. அங்கு வாக்கெடுப்பு இல்லை. கூட்டத்தில் கருத்தறிய வேண்டின் அவையோர் வாய்மூடி ‘ம்ம்ம்’ என்பர். ஒலியின் கனம் கொண்டு தலைவர் முடிவு காண்பார். முனகலுக்கு இலக்கணம் செய்வோர் முனகியே தீர்மானிப்பதில் உள்ள நயம் வேறெந்த அவைக்கும் வாய்க்காது. அவையில் வைக்கும் வரைவுக்கு ஆயுள் ஆறே மாதம். ஆதலின் திருத்தம் இருப்பினும் இல்லாவிடினும், உயிரோடு வைத்திருக்க வேண்டியேனும் அடுத்த எண்ணிட்டு வெளியிட்டாக வேண்டும். 00-இல் தொடங்கிய புதிய சிஸ்லாக் வரைவு 23 வரை வளர்ந்து, ரெய்னர் கெர்ஹார்ட்ஸை ஆசிரியராகக் கொண்டு 2009 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 5424 ஆயிற்று.

தேதி ஆண்டு பெற்றது; வேண்டுவோர்க்கு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு கூறு வரை நுணுக்கமும் பெற்றது. தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே நிற்கும் ‘டி’ பெரிய எழுத்தாகவே நிற்கவேண்டும் என்னும் அளவுக்குக் கண்டிப்பு. (பழைய ரௌட்டர்கள் இதைப் படிக்கவில்லை, இன்றும் ஆண்டின்றியே அனுப்புகின்றன.) துறைப் பட்டியலிலோ கடிகாரம் இரண்டும் அப்படியே ஓடுகின்றன. அவ்வெண்கள் கட்டாயமல்ல, ஆயினும் பெருவழக்கு என்று ஒரு வரி சேர்த்து ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டார்.

புதுநூலின் தலையாய கண்டுபிடிப்பு சிறுகோடு. சொல்லத் தெரியாத இடத்தில் சும்மா விடாமல் ‘-’ இடுக என்பது விதி. நேரம், இயந்திரம், நிரல் என எல்லா இடத்துக்கும் இது செல்லும். இறுதியில் வரும் செய்தியுரையோ விருப்பம், இல்லாமலும் அமையும். எனவே பின்வருவது முழுமையான சிஸ்லாக் செய்தி:

<34>1 - - - - - -

34 என்பது நான்கை எட்டால் பெருக்கி இரண்டைக் கூட்டியது: துறை 4, செய்தியின் கடுமை 2. பொழிப்புரை: உள்நுழைவுச் சரிபார்ப்பில் பெரும் அபாயம், எப்போது, எங்கே, எதனால், என்ன என்று சொல்வதற்கில்லை. பத்துக் குற்றத்துள் எதை இதன்மேல் ஏற்றினாலும் செல்லாது. விதிப்படி இதில் பிழையே இல்லை.