தூளியின் நீளமும் துயிலின் ஆழமும்

கைக்குழந்தையின் தூக்கம் பற்றி இதுவரை சொல்லப்பட்டவை யாவும் இரண்டு மரபுகளுக்குள் அடங்கும். ஒன்று பாட்டிமார் மரபு. வாய்மொழியானது, சான்று கேட்கக் கூடாதது. மற்றது டாக்டர் மரபு. அச்சடித்த தாளில் வருவது, பாட்டி கண்ணாடி போடாமலேயே படித்துத் தள்ளிவிடக் கூடியது. இரண்டும் கவனிக்கத் தவறியது உத்தரத்துக்கும் குழந்தைக்கும் நடுவிலுள்ள தூரம். அதை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: மேற்கே உஸ்மான் சாலை, தெற்கே அடையாறு டெப்போ, கிழக்கே கடல். வடக்கு எல்லை தகராறில் இருக்கிறது. ராயப்பேட்டைக்காரர்கள் சிலர் தாங்களும் மயிலாப்பூர்தான் என்கிறார்கள்.

முதலில் குழந்தையின் தரப்பு. மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இதைக் கேட்கும் எந்தத் தாயும் சிரிக்கத்தான் செய்வார். மொத்தக் கணக்கில் பிழையில்லை, தவணையில்தான் வில்லங்கம். பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். பச்சைப் பிள்ளைக்கு 50, 60 நிமிடம். அதிலும் ஏறக்குறைய பாதி, இமைக்குள் விழி உருள, கை கால் உதற, வாய் கோணிச் சிரிக்கிற தூக்கம். இந்த விழி உருளலை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உலகுக்கு அறிவித்தார்கள். நம் வீடுகளில் 'நரி விரட்டுது' என்று எப்போதோ அறிவித்தாகிவிட்டது. சிகாகோ அறிக்கையில் நரி இல்லை.

பச்சைப் பிள்ளை தூக்கத்துக்குள் நுழைவதே இந்த நரி வாசல் வழியாகத்தான். ஆழ்ந்த தூக்கம் பிறகுதான் வரும். ரங்கநாதன் தெருவில், ஆடித் தள்ளுபடி கூவல்களுக்கு நடுவே, அப்பாவின் தோளில் வாய் பிளந்து தூங்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்து நிசப்தமான அறையில் மெத்தையில் கிடத்தியதும் வீறிடுவது இதனால்தான். ஜப்பானில் ரிக்கென் நிறுவனத்தார் 2022இல் ஒரு வழி சொன்னார்கள்: அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடங்கள், தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருங்கள், அப்புறம் கிடத்துங்கள். தி.நகர் ஃபிளாட் ஒன்றின் ஹாலில் சோபாவையும் ஷூ ரேக்கையும் சுற்றி ஐந்து நிமிடம் நடப்பது எத்தனை திருப்பம் என்பதை ஜப்பானியர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூளைக்குள் இருக்கும் பகல் இரவுக் கடிகாரம் ஓடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை நள்ளிரவும் நண்பகலும் பிள்ளைக்கு ஒன்றே. மேற்படி கிளைட்மன் 1938இல் தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் இருந்து, ஒரு நாளை 28 மணி நேரமாக்கி வாழ முடியுமா என்று பார்த்தார். மாணவருக்கு முடிந்தது, பேராசிரியருக்கு முடியவில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண், ஜன்னல் சாத்திய பின்கட்டு அறையில், மூன்று மணி நேரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இதைவிட அதிக காலம் வாழ்ந்துவிடுகிறாள். அவளைப் பற்றி யாரும் கட்டுரை வெளியிடவில்லை.

இந்தக் கடிகாரம் தானாக ஓடத் தொடங்குகிற வாரத்தில்தான் எல்லாப் புகழும் பங்கிடப்படுகிறது. அந்த வாரம் கையில் வசம்பு கட்டியிருந்தால் வசம்பு. கிரைப் வாட்டர் கொடுத்திருந்தால் கிரைப் வாட்டர் (1851இல் இங்கிலாந்தில் பிறந்த இந்தச் சரக்கில் முன்பு ஆல்கஹால் இருந்தது என்பதை, 'எங்க காலத்துல குழந்தைங்க எப்படித் தூங்கும் தெரியுமா' என்ற வாதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்). மருமகள் ஃபோனில் மழைச் சத்தம் போட்டிருந்தால் மருமகளின் கட்சி மழைச் சத்தம், மாமியார் கட்சி திருஷ்டி கழித்தது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதில் விவரமானவர்கள். ஐந்தாம் மாதச் செங்கீரைக்கும் ஒன்பதாம் மாதச் சப்பாணிக்கும் நடுவில்தான் தாலாட்டுக்குரிய தாலப் பருவத்தை வைத்தார்கள். அதற்குள் பிள்ளை தானே இரவில் தூங்கப் பழகியிருக்கும், பாட்டு தோற்க வழியில்லை.

இனி தூளி. ஊசலின் ஆட்டம் அதன் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. மூன்று கிலோவில் கட்டிய தூளி எட்டு கிலோவிலும் அதே தாளத்தில் ஆடும். ஸ்பிரிங் தொட்டிலில் அப்படியல்ல. எடை கூடக் கூட ஆட்டம் மந்தமாகும். ஒரு வயதில் பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காகும் பிள்ளைக்கு ஒவ்வொரு குதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு நீளும். காலப்பிரமாணம் காப்பதில் தூளிக்கு நிகர் இல்லை என்பதை மியூசிக் அகாடமிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

ஜெனீவா ஆய்வாளர்கள் 2011இல் ஆடும் கட்டிலில் ஆட்களைப் படுக்கவைத்து, நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம் ஆட்டியபோது தூக்கம் சீக்கிரம் வந்தது என்று கண்டார்கள். நான்கு விநாடி ஆட்டத்துக்குத் தூளி 13 அடி நீளம் வேண்டும். பிள்ளை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்குமானால் கூரை பதினான்கரை அடி. மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் கூரை, அதில் ஊஞ்சலுக்கு அடித்த கொக்கி ஆகியவற்றை இங்கே நினைவுகூர்க. அடையாறு ஃபிளாட்டின் பத்தடிக் கூரையில் அதே தூளி மூன்றேகால் விநாடிக்கு ஒருமுறை ஆடும். மயிலாப்பூரின் வீழ்ச்சி முக்கால் விநாடி.

ஒரு சிறு உறுத்தல்: ஜெனீவா கட்டிலில் படுத்தவர்கள் பன்னிரண்டு பேரும் வளர்ந்த ஆண்கள். ஆட்டினால் அப்பா தூங்குவார் என்பதே அங்கு நிரூபணமானது. நம் களத்திலும் அதுவே கண்டது. தூளியில் கயிறு கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு சீரியல் பார்க்கும் பாட்டி, விளம்பர இடைவேளையில் குறட்டை விடுவார். கயிறு நிற்கும். பிள்ளை விழிக்கும். டாக்டர் மரபினரோ துணிக்குள் பிள்ளை வளைந்து கிடப்பதையே ஏற்பதில்லை: கெட்டியான சமப் படுக்கை, மல்லாந்த நிலை, அவ்வளவுதான். அது நியாயம் என்பதால் விவாதிக்காமல் கடந்து செல்கிறேன்.

எஞ்சியது கொக்கி. கான்கிரீட் கூரையில் அறைக்கு ஒன்றுதான் உண்டு, அதில் ஃபேன் தொங்குகிறது. தூளியா ஃபேனா என்ற கேள்வி சித்திரையில் பிறந்த பிள்ளைகளைக் குறிப்பாகப் பாதிக்கிறது. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டு மாட்டுகிற ஓனர்கள் இன்னொரு கொக்கிக்குக் கூரையில் டிரில் போட விடுவதில்லை. ஒருவர் மட்டும் இறங்கிவந்தார். காலி பண்ணும்போது கொக்கியை விட்டுவிட்டுப் போகணும், ஓட்டையையும் அடைச்சிட்டுப் போகணும் என்றார்.