கொடுக்க மறுக்கும் பிரிவுக்கும் எடுக்க மறக்கும் பிரிவுக்கும் ஒரே விண்ணப்பம்

பெறுநர்: பயனர் அனுமதிப் பிரிவு, தகவல் தொழில்நுட்பத் துறை, தலைமை அலுவலகம்.

பொருள்: நிலுவையில் உள்ள அனுமதி விண்ணப்பங்களும் நீக்கப்படாத பழைய ஐடிகளும் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய பிரிவினருக்கு,

நிறுவனத்தின் எஸ்ஏபி மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், எதற்கு ஒப்புதல் தரலாம் என்று வரையறுத்துக் காக்கும் பொறுப்பைத் தங்கள் பிரிவு எத்தனை கண்டிப்போடு ஆற்றுகிறது என்பதைக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த எழுத்தரே நன்கறிவார். லாரி வாசலில் நிற்க, வந்த சரக்கைப் பதிய முயலும் அவருக்கு 'அனுமதி இல்லை' என்ற ஒற்றை வரியே கிடைக்கிறது. எந்த அனுமதி குறைகிறது என்பதைக் காட்டும் எஸ்யூ53 திரையைப் படமெடுத்து, படிவம் நிரப்பி, மேலாளரின் ஒப்புதலையும் பெற்று அனுப்பினாலும், சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக, விண்ணப்பம் 'பரிசீலனையில்' என்ற நிலையிலேயே தவம் கிடக்கிறது. இறுதியில் பக்கத்து மேசைக்காரரின் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லே லாரியை அனுப்பிவைக்கிறது.

கொடுப்பதில் இத்தனை கஞ்சத்தனம் காட்டும் பிரிவு, கொடுத்ததைத் திரும்பப் பெறுவதில் வள்ளல்களையும் வெட்கப்பட வைக்கிறது. கொள்முதலிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாற்றலான அலுவலருக்குப் புதிய உரிமைகள் சேர்ந்தனவே தவிர பழையவை கழியவில்லை. ஆகவே புதிய விற்பனையாளரைப் பதிவதும் அவருக்கான தொகையை விடுவிப்பதும் இன்று ஒரே கையில் உள்ளன. ஓய்வு பெற்ற காசாளரின் ஐடியோ இன்னும் பணி ஓய்வை அறியாது. மென்பொருளின் ஏறத்தாழ எல்லாக் கதவுகளையும் திறக்கும் 'எஸ்ஏபி_ஆல்' என்னும் உரிமைத் தொகுப்பு, அவசரத்துக்கென வழங்கப்பட்டு, அவசரம் தீர்ந்த பிறகும் நிலைபெற்றிருக்கிறது.

ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான உரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்னும் குறைந்தபட்ச உரிமைக் கோட்பாட்டைக் கணினி அறிஞர்கள் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-லேயே வலியுறுத்தினர். உரிமையை ஆளுக்கு அல்லாமல் அவர் வகிக்கும் பணிப்பொறுப்புக்கு வழங்கும் முறையை ஃபெராயோலோவும் கூனும் 1992-இல் முன்வைத்தனர். தேவையானதும் தராமல், தேவையற்றதும் நீக்காமல், இவ்விரண்டையும் ஒருசேர மீறும் அரிய வழியைத் தங்கள் பிரிவு கண்டறிந்திருக்கிறது. வணிகம் செய்வதும் அதைச் சரிபார்த்துக் கணக்குத் தீர்ப்பதும் சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற ஒருவர் பொறுப்பிலேயே இருந்ததால், 1762-இல் தோன்றிய பேரிங்ஸ் வங்கி 80 கோடி பவுண்டுக்கு மேல் இழந்து 1995-இல் வீழ்ந்தது என்பதைப் பிரிவு எச்சரிக்கையாகக் கொண்டதா, முன்மாதிரியாகக் கொண்டதா என்பது மட்டுமே தெளிவாகவில்லை.

எனவே, பணி மாறும் நாளிலேயே பழைய உரிமைகளை நீக்கவும், பணி விலகுவோரின் ஐடியைக் கடைசி வேலைநாள் மாலையே பூட்டவும், மேலாளர் ஒப்புதல் பெற்ற விண்ணப்பத்துக்கு ஒரு நாளில் பதிலளிக்கவும் பணிவுடன் வேண்டப்படுகிறது. இதற்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரம் பிரிவில் எவருக்கும் இல்லையெனில், ஓய்வு பெற்ற காசாளரின் ஐடியிலிருந்து வழங்கிவிடலாம். அது இன்றும் வேலை செய்கிறது.

இப்படிக்கு,
அனுமதிக்குக் காத்திருக்கும் பணியாளர்கள்