கடலையும் ஓர் ஊராட்சி ஆக்குக!

புதுடில்லியில் எழுந்தருளியிருக்கும் டிஜிட்டல் பாரத் நிதியின் நிர்வாகி அவர்கள் சமூகத்துக்கு, காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் கடல் தொழில் செய்து ஜீவிக்கும் ஜனங்களின் பொருட்டு எழுதிக்கொள்ளும் பகிரங்க விண்ணப்பம்.

கிராமாந்தரங்களுக்குத் தொலைபேசி கொண்டுசெல்லும் புண்ணிய காரியத்துக்கென்று கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு 5 பங்கு தங்கள் கருவூலத்துக்கு வருகிறதென்பதையும், அப்பணத்தின் ஊற்றுக்கண் நாங்கள் போடும் ரீசார்ஜே என்பதையும் அறிவோமாதலால், இதனைச் சிறு பங்குதாரர்களின் விசாரணையாகக் கொள்வது பொருந்தும்.

திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த க்ஷணமே எண்ணூர்க்காரர்களாகிய நாங்களும் பட்டணவாசிகளாகிவிட்டோம். கரையில் டவருக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாதென்று சர்க்கார் நிறுத்திவைக்கும் 61 நாட்களிலும், சொல்வதற்கு ஒரு சேதியுமில்லாமல் வலை பின்னிக்கொண்டிருக்கும் எங்கள் கைப்பேசியில் சிக்னல் பூரணமாகப் பிரகாசிக்கிறது. தடை நீங்கிக் கரையை விட்டு 10, 12 கிலோமீட்டர் போனதும், காற்று திரும்பிற்று, இஞ்சின் நின்றது, கூட வந்தவனுக்கு மார்வலி என்று சொல்லியே தீரவேண்டிய இடத்தில், அது அஸ்தமித்துவிடுகிறது. டவர்கள் ஊரைப் பார்த்து நிற்பவை. பூமி வேறு உருண்டை. அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல.

பரிகாரமே இல்லையென்று சொல்ல மாட்டோம். புவி அறிவியல் அமைச்சகம் 2019 அக்டோபரில் வெளியிட்ட ஜெமினி என்னும் கருவி, புயல் வருவதையும் மீன் கூடும் இடத்தையும் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கும். நாம் பதில் சொன்னால் அதற்குக் காது கேளாது. ஆள்வோர் பேச ஆளப்படுவோர் கேட்கும் புராதன நியதியை விஞ்ஞானபூர்வமாக நடுக்கடலில் ஸ்தாபித்த பெருமை அதற்குண்டு. விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுவரும் டிரான்ஸ்பாண்டர் எழுத்துச் செய்தி அனுப்பும் என்பது மெய்தான். மார்வலிக்காரனிடம் டாக்டர் பேச அது உதவாது.

கடல் தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது போலும் என்று ஆறியிருந்தோம். ஆனால் இதே நிதியின் செலவில், முன்பு சர்வசேவைக் கடப்பாட்டு நிதி என்ற திருநாமம் அதற்கிருந்த காலத்தில், சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10இல் பிரதம மந்திரி அதைத் துவக்கிவைத்தார். தீவுவாசிகள் அதற்கு முற்றிலும் பாத்திரமானவர்களே. எனினும் கடலின் அடியில் பேச்சு மின்னல்போல் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் மிதக்கிறவன் கைப்பேசியை ஆகாயத்துக்குத் தூக்கிப் பிடித்து நிற்கும் விநோதத்தைத் தங்கள் பொறியாளர்கள் ஒருமுறையேனும் படகேறி வந்து தரிசிக்கவேண்டும்.

ஆகவே, பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கணக்காக உள்ள 12,525 கிராம ஊராட்சிகளோடு வங்கக் கடலையும் 12,526ஆவதாகச் சேர்த்தருள வேண்டும். வீட்டுவரி பாக்கி கிடையாது. கிராம சபையைப் படகுகளிலேயே கூட்டிக்கொள்கிறோம். சட்டம் இடந்தராதெனில், காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலை நோக்கிய உயர்ந்த கோபுரங்களுக்கும், சிறு ஃபைபர் படகுகளுக்கும் கட்டுப்படியாகும் செயற்கைக்கோள் பேசிக்கும் இந்நிதியிலிருந்தே ஆக்ஞை பிறப்பிக்கக் கோருகிறோம். பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்பவும்.