செத்த கட்சி, சாகாத கட்சி: கெரால்ட்டின் மரணம் குறித்துக் கந்தப்பளையிலிருந்து ஒரு விசாரணை

மாயக்கதை நாவல் ஒன்றின் நாயகன் கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறான். அதே கதையை வைத்துச் செய்த வீடியோ கேமில் அவன் எப்படி உயிரோடு உலாவலாம்? அறிஞர் உலகம் இந்தக் கேள்வியைப் போலந்து நாட்டோடு நிறுத்திக்கொண்டது. நுவரெலியாவிலிருந்து ராகலை போகும் வழியில் கந்தப்பளையில் இறங்கியிருந்தால் விடை கிடைத்திருக்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் வழக்கு விவரம். ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி 1986இல் ஒரு போலந்துப் பத்திரிகையில், கூலி வாங்கிக்கொண்டு பிசாசு வேட்டையாடும் கெரால்ட்டைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். அது நாவல் வரிசையாக வளர்ந்தது. 1999இல் வந்த நாவலில், ரிவியா நகரக் கலவரத்தில் எவனோ ஒருவன் கெரால்ட்டை முள்ளால் குத்திவிடுகிறான். தோட்டத்தில் மண் கிளறுகிறோமே, அந்த இனத்து முள்ளு. பெரிய பெரிய பூதங்களை வெட்டியவனுக்கு இப்படி ஒரு சாவு! பிறகு படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஆள் செத்தானா, வேறு உலகம் போனானா என்பதை ஆசிரியர் உடைத்துச் சொல்லவில்லை.

2007இல் சிடி புரொஜெக்ட் ரெட் கம்பெனி ‘தி விட்சர்’ கேமை வெளியிட்டது. அதில் கெரால்ட் எழுந்து வந்துவிட்டான். ஞாபகம் மட்டும் போயிருந்தது. இது கம்பெனிக்கு நல்ல வசதி. நாவலை வாசிக்காத பையனுக்கும் ஒன்றும் தெரியாது, நாயகனுக்கும் ஒன்றும் தெரியாது. இருவரும் சேர்ந்தே விசாரித்துக்கொள்ளலாம். கேம் என் கதையின் தொடர்ச்சியே அல்ல என்றார் சப்கோவ்ஸ்கி. அன்றுமுதல் வாசகர்கள் செத்த கட்சி, கேம் ஆடுகிறவர்கள் சாகாத கட்சி.

இந்தக் கட்சிப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடியவிடியப் பாடித் தீர்த்த விவகாரம்தான் இது. தமிழ்நாட்டிலிருந்து இங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் அந்த மன்மதனையும் கூட்டிக்கொண்டே மலையேறினார்கள். காமன் கூத்து என்ற பெயரில், மாசியில் அமாவாசை கழிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கல்யாணம் முடித்து, பௌர்ணமியை ஒட்டி எரித்து, பிறகு எழுப்பியும் விடுவார்கள். செத்த கட்சிக்கும் சாகாத கட்சிக்கும் ஒரே பொட்டலில் தீர்ப்பு! எழுந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது நிபந்தனை. கெரால்ட்டும் கேம் ஆடுகிறவன் கண்ணுக்கு மட்டுமே உயிரோடு தெரிகிறான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பாத்திரமேற்பு என்ற துறையிலும் தோட்டமே மூத்தது. நேற்றுவரை கவ்வாத்து வெட்டிய இளைஞன் விரதமிருந்து ரதியாகிறான். மாசிப் பனியில், சேலைக்குள்ளே சுவெட்டர் போட்டபடி அழுகிறான். நெற்றிக்கண் திறக்கும்போது கூட்டம் முன்னால் நெருக்கியடிப்பதற்குப் பக்தி மட்டுமே காரணமென்று நான் எழுதமாட்டேன். கந்தப்பளைக் குளிரும் ஒரு சான்றுதான்.

புள்ளி முறையையும் பார்ப்போம். கேமில் அனுபவப் புள்ளி சேர்ந்தால் நிலை உயரும். தோட்டத்தில் கொழுந்து கிலோ சேர்ந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். எத்தனை ஆண்டு அனுபவம் சேர்ந்தாலும் நிலை உயராது என்பது தோட்டத்து விதியின் தனிச்சிறப்பு. கேமின் கிளை வேலைகளுக்கு நம்மிடம் கொந்தரப்பு என்ற ஒப்பந்த வேலை இருக்கிறது. 2015இல் வந்த மூன்றாம் கேமில், வளர்ப்பு மகள் சிரியைத் தேடிப் புறப்பட்ட கெரால்ட் வழியிலுள்ள சத்திரத்தில் க்வெண்ட் என்ற சீட்டாட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறான். மகளைப் பேய்ப்படை துரத்திக்கொண்டிருக்கிறது. தகப்பன் அடுத்த சீட்டைப் பார்க்கிறான். விமர்சகர்கள் இதைக் கதைக்கட்டின் ஓட்டை என்பார்கள். மண்ணெண்ணெய் வாங்கப் போன மாமா கடை இஸ்தோப்பில் இருட்டும்வரை சீட்டுப் போடுவதைக் கண்டவர்கள் இதை யதார்த்தவாதம் என்பார்கள்.

ஓர் ஆட்சேபம் உண்டு. கேமில் முடிவை மாற்றலாம், பிடிக்காவிட்டால் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பலாம். கூத்தில் மன்மதன் வருஷாவருஷம் எரிந்தே தீர வேண்டும் என்பது. இதைத் தன் மகனிடமே கேட்டறிந்த ஒரு தாயின் பதில் ஆய்வுக்குப் போதுமானது: “முடிவ அப்புறம் மாத்துடா, மொதல்ல பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு வா.”

செத்து எழுவதில் ஊருக்கே பழக்கம் உண்டு என்பதற்கு இடச் சான்றும் இருக்கிறது. ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் கொழுந்து அரைப்பதை நிறுத்தி, 1990களில் பழைய இயந்திரங்களோடே ஹோட்டலாக எழுந்தது. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஓடிய குறும்பாதை ரயில் 1940களில் நின்றுபோனது. அந்த ஹோட்டல் வாசலில் ஒரு ரயில் பெட்டி இப்போது உணவகமாக நிற்கிறது. இங்கே ரயிலுக்கும் ஞாபகமறதிதான். எங்கும் போவதில்லை, சூப் பரிமாறுகிறது.

எஞ்சியது காசு. கேம் ஓடாதென்று நினைத்த சப்கோவ்ஸ்கி, லாபத்தில் பங்கு வேண்டாமென்று ஒரே தொகையாக வாங்கிக்கொண்டார். கேம் உலகெங்கும் ஓடியது. 2018இல் அவருடைய வக்கீல்கள் 6 கோடி ஸ்லோட்டி கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். 2019இல் இரு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டுச் சமாதானமானார்கள். தோட்டத்திலோ கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு, வேட்டி, கையில் கொஞ்சம் காசு. தப்பு அடித்தவர்களுக்குச் சாப்பாடு. கைலாயத்திலிருந்து இன்றுவரை ஒரு வக்கீல் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் அங்கேயே கிடக்கும், லயத்துக்கு வரும் கடிதமே ஒழுங்காக வந்து சேர்வதில்லை.