கடல்நாய் வாங்கப் போற பேரனுக்கு அப்புச்சி சொல்ற ரோசனை

மறதிச் சீக்கு வந்த பெரியவங்களை வெச்சுப் பாக்கற இல்லத்துக்கு நீ மேனேஜர் ஆனதுல இருந்து உங்கம்மா காலு தரையில நிக்கல கண்ணு. “அப்பா, தம்பி ஜப்பான்ல இருந்து ரோபோ தருவிக்கறானாமா”ன்னு போன்ல ஒரே பெருமை. நானு எட்டாவது தாண்டாதவன். அதனால என்ர ரோசனைக்குக் காசு கெடையாது. இதையே கோட்டுப் போட்டவன் வந்து சொன்னா ஜி.எஸ்.டி.யோட பில்லு வரும்.

மொதல்ல மேலு நோகாத வழியச் சொல்லிப் போடறேன். ஹால்ல ஒரு அம்பத்தஞ்சு இஞ்ச் டிவிய மாட்டு. எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சு, யூடியூப்ல எதையாச்சும் ஓட உட்டுட்டு, வேலைக்கு இருக்கற புள்ளைக அவியவிய போனைப் பாக்கட்டும். பத்து நிமிசத்துல பாதிப் பேரு தூங்கீருவாங்க. தூங்காதவங்க, சீரியல்ல மாமியா கத்துனா நெசமாலுமே ஊட்டுக்குள்ள சண்டைன்னு நெனச்சுப் பயந்துக்குவாங்க. அதையும் ஒரு போட்டோ எடுத்து ‘டிஜிட்டல் ஆக்டிவிட்டி’ன்னு பேஸ்புக்ல போட்டுரு. அமெரிக்காவுல இருக்கற மகன் லைக்குப் போட்டுட்டுப் பீசையும் கட்டீருவான். நம்ம நாட்டுல அறுவது தாண்டுனவங்கள்ல 88 லட்சம் பேருக்கு இந்தச் சீக்கு இருக்குதுன்னு 2023-ல கணக்குச் சொல்லியிருக்கறாங்க. யேவாரம் படுக்காது சாமி, தைரியமா இரு.

இல்லீங்க அப்புச்சி, நெசமாலுமே நல்லது பண்ணோணும்னு நீ அடம் புடிச்சீன்னா, மேக்கொண்டு கேளு.

நீ தருவிக்கற அந்தக் கடல்நாய் ரோபோ சமாச்சாரத்தப் பக்கத்தூட்டுப் பையன் போன்ல தேடிக் காட்டுனான். பாரோன்னு பேரு. தகானோரி ஷிபாதாங்கற ஜப்பான்காரரு 1993-ல ஆரம்பிச்சு வருசக்கணக்கா மெனக்கெட்டுப் பண்ணியிருக்கறாரு. வெள்ளை ரோமம், உருண்டைக் கண்ணு. தடவுனா முனகுது, கூப்புட்டாத் திரும்பிப் பாக்குது. சார்ஜ் போடோணும்னா கொழந்தை சூப்பற ரப்பர் நிப்பிள வாயில வெக்கோணும், வயரு அதுலதான் இருக்குது. அதைப் பாத்துட்டு உங்க அம்மாயி சிரிச்ச சிரிப்புல பல்லுசெட்டு கழண்டு போச்சு. ஆனா அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்காரன் சிரிக்கல. 2009-ல அதை மருத்துவக் கருவின்னே ஒத்துக்கிட்டான்.

நாயி பூனையெல்லாம் உட்டுப்போட்டு ஏன் கடல்நாயின்னு கேட்டீன்னா, அங்கதான் அந்த மனுசனோட கெட்டிக்காரத்தனம் இருக்குது. பூனை பண்ணுனா, பூனை வளத்தவங்க ஒரே நிமிசத்துல இது பூனையில்லைன்னு தள்ளீருவாங்க. கடல்நாய்க்குட்டிய மடியில வெச்சு வளத்தவன் ஒலகத்துல ஆரு? குத்தஞ் சொல்றக்கு ஆளே இல்லை. நீ ஒருக்கா எருமைக்கன்னு ரோபோ பண்ணி நம்மூருக் கெழவி ஒருத்தி கையில குடுத்துப் பாரு. வாலைத் தூக்கிப் பாத்துட்டு, ‘காத்தால இருந்து சாணி போடல, வகுத்துல என்னமோ கோளாறு’ன்னு மாட்டு டாக்டரக் கூட்டியாரச் சொல்லுவா.

இன்னொரு சங்கதியும் இருக்குது, விக்கறவன் இதைச் சொல்ல மாட்டான். ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்துப் பக்கம் வெண்டி மோயில்ங்கற அம்மாவோட கோஷ்டி 28 இல்லத்துல 415 பேர வெச்சுச் சோதிச்சுது. ஒரு பங்குக்காரங்களுக்குச் சுச்சுப் போட்ட கடல்நாயி. இன்னொரு பங்குக்கு அதே கடல்நாயி, சுச்ச அணைச்சது. மூணாவது பங்குக்கு எப்பவும் நடக்கறதே. 2017-ல முடிவு சொன்னாங்க. சுச்சுப் போட்டதுகிட்ட எச்சாப் பேசுனாங்க, எச்சா நேரம் பாத்தாங்க. அது நெசந்தான். ஆனா படபடப்பு அடங்கற விசயத்துல, சுச்ச அணைச்ச பொம்மைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. அமெரிக்காவுல 6,000 டாலருக்கு வித்த சாமான் அது. அந்தக் காசுல ஒரு நர்சுப் புள்ளைக்கு எத்தனை மாசச் சம்பளம் வரும்னு நீயே கணக்குப் போடு, மேனேஜரில்ல. அப்பவும் வேணும்னா வாங்கிக்க. சார்ஜர் தொலஞ்சா மட்டும் வெசனப்படாத.

அடுத்தது டேப்பு. ‘மூளைக்குப் பயிற்சி’ன்னு ஒரு ஆப் ஏத்தி வெச்சிருக்கறயாமா? படத்தக் காட்டி இது யாருன்னு கேக்குமாமா, தப்பாச் சொன்னா டொய்ங்குன்னு சத்தம் வருமாமா. நெம்பச் சந்தோசம். ஊரே எந்திரிச்சு நின்னு கும்புட்ட ரைஸ்மில்காரரத் தெனமும் இருவது தடவை பெயிலாக்கறக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியல. நாலாம் நாளு அவரு டேப்பைத் தூக்கிச் செவுத்துல அடிப்பாரு. நீங்க ‘முரட்டுத்தனம் ஜாஸ்தி’ன்னு நோட்டுல எழுதி மாத்திரைய ஏத்தச் சொல்லுவீங்க.

அது போக அந்த டேப்புக் கண்ணாடிக்கு வெரல்ல கொஞ்சமாச்சும் ஈரப்பசை இருக்கோணுமாமா. மம்புட்டி புடிச்சுக் காச்சுப்போன வறண்ட வெரலை அது ஒரு பொருட்டாவே மதிக்கறதில்லை. கெழவன் குத்துகுத்துன்னு குத்துவான், ஒண்ணும் அசையாது, எந்திரிச்சுப் போயிருவான். ‘தாத்தாவுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை.’ இதுவும் நோட்டுல ஏறும். ரப்பர் முனை வெச்ச குச்சி ஒண்ணு கடையில விக்குது கண்ணு, கடல்நாயோட வெலையில அதை மூட்டை மூட்டையா வாங்கலாம்.

டேப்பே வேண்டாம்னு சொல்ல வரல. ஸ்காட்லாந்துல டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க சேந்து ‘சர்க்கா’ன்னு ஒண்ணு பண்ணுனாங்க. தொட்டாப் பழைய போட்டோ, பாட்டு, படத்துண்டு வரும். சூட்சுமம் எங்கன்னா, அவங்கவங்க குடும்பப் போட்டோவ அதுல வேணும்னே வெக்கல. பெத்த மகன் போட்டோவக் காட்டுனாப் பேரு சொல்லோணும், சொல்ல வரலைன்னா மானம் போயிரும். பொதுவா ஒரு கடைவீதி, ஒரு பள்ளிக்கோடம்னு காட்டிப் பாரு, ஆரு என்ன சொன்னாலும் சரிதான். அதுவரைக்கும் கேட்ட கேள்விக்கு ஊம் கொட்டிட்டு இருந்தவங்க தாங்களாவே பேச்ச எடுத்தாங்களாமா.

அதை நானே கண்ணால பாத்திருக்கறேன். எம் மச்சினன், உங்கம்மாளோட மாமன், ஒரு இல்லத்துல இருக்கறான்ல, அவனப் பாத்துக்கற புள்ளை அசாம்காரி. அவளுக்குத் தமிழ்ல ‘சாப்டு’, ‘தூங்கு’, ‘அடிக்காத’ இந்த மூணுதான் தெரியும். ஒரு நாளு போன்ல எதையோ தேடறப்பக் கவலை எறைக்கற பழைய போட்டோ ஒண்ணு வந்துருச்சு. மச்சினன் நிமுந்து உக்காந்தான். பறி எப்படி முங்கோணும், மாடு எறங்கறப்ப வடத்து மேல எப்படி உக்காரோணும், தும்பியில இருந்து தண்ணி எப்படி வாய்க்காலுக்குப் பாயும், அத்தனையும் கைய ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்துனான். அவளுக்கு ஒரு எழுத்துப் புரியல. ஆனா கண்ண எடுக்காம ‘அச்சா, அச்சா’ன்னா. நடுவுல மாடு வழுக்கறாப்பல இவன் காலை உதறவும் அவ சிரிச்சா, அவ சிரிக்கவும் இவனும் சிரிச்சான். அன்னைக்கு ராத்திரி அவ ஊட்டுன சோத்தத் துப்பாமத் தின்னான்.

இப்பச் சொல்லு, அந்தப் போன் வேலை செஞ்சது ஆருக்கு? கெழவனுக்குன்னு நீ சொல்லுவ. எனக்கென்னமோ அந்தப் புள்ளைக்குன்னுதான் படுது. பேசறக்கு ஒரு வார்த்தை இல்லாம, பாஷை தெரியாத ஊர்ல, நாளெல்லாம் பேண்டதத் தொடச்சுட்டு இருக்கறவளுக்கு, இந்த ஆளு ஒரு காலத்துல என்னவா இருந்தான்னு அது காட்டுச்சு. சாமான் வாங்கறப்பக் கெழவிக்குப் புடிக்குமான்னு பாக்கறயில்ல, பக்கத்துல உக்கார்ற புள்ளைக்கு அதுல வேலை இருக்குதான்னும் பாரு. ஒரு ஆளத் தாட்டி உட்டுட்டு அந்த எடத்துல வெக்கறக்கு வாங்கற பொட்டின்னா, கடைக்காரன்கிட்டயே உட்டுட்டு வந்துரு.

பாட்டு விசயத்துக்கு வாரேன். உங்க இல்லத்துல ‘ஓல்ட் சாங்ஸ்’னு இளையராசா பாட்டாப் போட்டுத் தாக்கறாங்களாமா. அதைப் போடற புள்ளைக்கு வயசு இருவத்திரெண்டு, அவளுக்கு அதுதான் ஆதிகாலத்துப் பாட்டு. 1945-ல பொறந்தவளுக்கு ‘அன்னக்கிளி’ வந்த 1976-ல வயசு 31. கையில கொழந்தை, கட்டுத்தரையில எருமை, திண்ணையில மாமியா. பாட்டுக் கேக்கறக்கு அவளுக்கு எங்க நேரம்? மனசுல ஆணி அடிச்சு நிக்கறது பத்து வயசுல இருந்து முப்பது வயசுக்குள்ள கேட்டதுதான்னு படிச்சவங்களே சொல்றாங்க. அவ செறுவாட்டுக் காசுல கொட்டாய்க்குப் போன காலம், இலங்கை வானொலியக் கேட்டுட்டே நூல் சுத்துன காலம், அங்க போயித் தேடு. சினிமாவே வேண்டாம்னு கும்மிப்பாட்டுக் கேக்கறவளும் இருப்பா. மில்லுச் சங்கு ஊதுற சத்தத்தக் கேட்டாலே தூக்குப்போசியத் தேடற ஆளு கோயமுத்தூருப் பக்கம் எத்தனை பேரு!

அமெரிக்காவுல டான் கோஹன்னு ஒருத்தரு 2006-ல முதியோர் இல்லத்துல ஐபாடுல அவங்கவங்க பாட்ட ஏத்திக் காதுல மாட்டி உட்டாரு. தலையத் தொங்கப் போட்டுட்டே கெடந்த ஹென்றின்னு ஒரு பெரியவரு, பாட்டுக் கேட்டதும் கண்ணு விரிஞ்சு பாடறாரு. அந்த வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. 2014-ல ‘அலைவ் இன்சைட்’னு டாக்குமெண்டரியே வந்துச்சு. அப்பறம் 54 இல்லத்துல பெரிய அளவுல சோதிச்சுப் பாத்தா, படபடப்பு சொல்லிக்கறாப்பலக் கொறையல. ஹென்றி பாடுனது பொய்யின்னு அர்த்தமில்ல கண்ணு. ஒருத்தருக்கு ஒரு நாளு நடந்தத எல்லாருக்கும் எந்நாளும் நடக்கும்னு பில்லுப் போட்டா அப்படித்தான் ஆகும். பாட்டுப் போட்டவுடனே மூஞ்சிய ஆராச்சும் பாத்துட்டு இருக்கோணும். ஒரு பாட்டு எழவு ஊட்ட நெனப்பு மூட்டும், அழுதா உடனே நிறுத்தவும் கூடாது, உட்டுட்டுப் போகவும் கூடாது. காதுல அடைக்கற கருப்புக் குமிழு வேண்டாம், கெழவிக்குத் தோடு இருக்குது, காது மெசினும் இருக்குது. சின்ன ஸ்பீக்கர் போதும்.

நெதர்லாந்துக்காரங்க பண்ணுன ஒரு சாமான் மட்டும் எனக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துல படிச்ச ஹெஸ்டர் லெ ரிஷ்னு ஒரு அம்மா பண்ணுனது, டோவர்டாஃபெல்னு பேரு. சோத்து மேசைக்கு மேல விட்டத்துல ஒரு பொட்டி. அதுல இருந்து வெளிச்சம் மேசையில உழுகுது. வெளிச்சத்துல பழுத்த எலை, பூவு, மீனு. கைய ஆட்டுனா எலை ஒதுங்குது, மீனு ஓடுது. செயிக்கறது தோக்கறது ஒண்ணுங் கெடையாது. சுத்தி நாலு பேரு ஒட்டுக்கா உக்கார்றாங்க, மேலயே பாக்காம இருந்தவ எதுத்தாப்பல இருக்கறவ கையப் பாக்கறா. ‘அப்புச்சி, இதுக்கு நெச அவரைக்காயக் குடுத்து உரிக்கச் சொன்னாப் போதாதா’ன்னு நீ மடக்குவ. உரிக்கத் தெம்பு இருக்கறவளுக்கு அவரைக்காயே குடு, சாயங்காலம் கொழம்பாச்சு. வெரலு மடங்காதவ, காயத் தூக்கி வாயில போட்டுக்கறவ, அவளுக்கு இந்த எலை. நம்மூருக் கெழவி எலையப் பாத்தவுடனே சீமாறு கேப்பா. குடுத்துரு, கூட்டட்டும்.

அப்பறம் இந்த வீடியோ காலு. நியூ ஜெர்சிக்காரன் காலைல எட்டு மணிக்குக் காப்பியும் கையுமா ஆத்தாளக் கூப்புடுவான். அவனுக்கு எட்டுன்னா வெயில் காலத்துல நமக்குப் பொழுதோட அஞ்சரை. இந்தச் சீக்குக்காரங்களுக்கு மனசு கலையற நேரமே அதுதான். ஊட்டுக்குப் போகோணும், மாட்டப் புடிச்சுக் கட்டோணும்னு கதவப் புடிச்சு இழுத்துட்டு நிப்பாங்க. அந்த நேரம் பாத்து இவன் ஆசையா, ‘அம்மா, நான் யாரு சொல்லு பாக்கலாம்’னு கேப்பான். அவ ‘ஆரப்பா நீ, கண்ணாடிக்குள்ள நிக்கற, உள்ள வந்து சோறு தின்னு’ம்பா. இவன் அழுவான், அவனப் பாத்து அவ அழுவா, போனை வாங்கி வெச்சுட்டு உம்புள்ளைக ராத்திரி பூராச் சமாளிக்கோணும். அவனுக்கு ராத்திரி ஒம்பதுன்னா இங்க காலைல ஆறரை. ராத்திரி கூப்புடச் சொல்லு. வந்ததும் ‘உங்க சின்ன மகன் பேசறேனுங்கம்மா’ன்னு அவனே சொல்லிரட்டும், பரிச்சை வெக்க வேண்டாம். தூக்கம் வருதும்பான். பீசை ஏத்தீருவேன்னு சொல்லு, முழிச்சுக்குவான்.

மறந்துருவேன், இதையும் கேட்டுக்க. டிவிய அணைச்சா அந்தக் கருப்புக் கண்ணாடியில ஆளு தெரியுது. ராத்திரி அதைப் பாத்துட்டு ஆரோ திருடன் வந்து நிக்கறான்னு கத்துவாங்க. ஒரு துண்டப் போட்டு மூடி வெய்யி. ரூமுக்கு ரூம் கேமரா வெக்கறதா இருந்தா, மொதல்ல உன்ர ரூம்ல ஒண்ண வெச்சுக்கிட்டு ஒரு வாரம் இரு, அப்பறம் பேசுவோம்.

அவங்கவங்க பாட்டுன்னேனில்ல, அந்த லிஸ்ட்டக் குடும்பத்துக்காரங்ககிட்டக் கேட்டு வாங்கறயாமா. மகன் குடுக்கற லிஸ்ட்டு மகனுக்குப் புடிச்ச லிஸ்ட்டு கண்ணு. அப்பனுக்கு எந்தப் பாட்டுல மேலு சிலுத்துச்சுன்னு அவனுக்கு எங்க தெரியும்? தெரிஞ்சிருந்தா ஊட்டுல கலவரமாயிருக்கும். நெனப்பு நெலையா இருக்கறப்பவே அவங்கவங்ககிட்டக் கேட்டு வெச்சுக்கோணும். என்ர லிஸ்ட்ட நானே எழுதி, வரவுசெலவு நோட்டுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கறேன். ஏழாவது பாட்டு மட்டும் உங்க அம்மாயி பக்கத்துல இருக்கறப்பப் போட்டுராத. ஏன்னு அவளும் கேக்கக் கூடாது, நீயும் கேக்கக் கூடாது.