ஒட்டகத்தால் வந்த பெயரடை

செரன்டிப்பிற்றஸ் என்பது ஆங்கிலத்தில் 13 எழுத்துகள் கொண்ட ஒரு பெயரடை. தேடாத நன்மை தற்செயலாக எதிர்ப்படுவதையும், எதிர்ப்பட்டது இன்னதென்று அறிந்துகொள்ளும் கூர்மையையும் அது சேர்த்தே குறிக்கும். பலர் பின்பாதியைக் கழற்றிவிடுவதால், அதிர்ஷ்டலாபச் சீட்டில் ஆயிரம் ரூபா விழுந்தவரும் இச்சொல்லுக்கு உரிமை கோருகிறார். அவருக்கு 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லே போதும். சீட்டின் பெயரிலும் அதுதான் இருக்கிறது.

சொல்லின் வேர் இலங்கை. சிங்களத் தீவைக் குறித்த வடமொழிப் பெயர் அராபியர் நாவில் 'சரந்தீப்' ஆயிற்று என்பர் மொழியறிஞர். 'சேரன் தீவு' என்று பிரித்து மகிழ்வோரும் உளர். ஆதாரம் எதையும் சாராத கொள்கையாதலால் அதை இன்றுவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை.

இதன் பெயர்ச்சொல்லுக்குப் பிறந்த தேதியே உண்டு. 1754 ஜனவரி 28 அன்று ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு, புளோரன்சில் இருந்த நண்பர் ஹொரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் படைத்தார். பெயரடை 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. வால்போலுக்குத் தூண்டுதல், சரந்தீப் இளவரசர் மூவரின் கதை. 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சான அந்நூலின் சரக்கிற் பெரும்பகுதி, அமீர் குஸ்ரோவின் பாரசீகக் காவியத்திலிருந்து வந்தது.

கதையில் இளவரசர்கள் பிறநாட்டு வழியொன்றில் நடக்கிறார்கள். ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதால், முன்னே போன ஒட்டகத்துக்கு ஒற்றைக் கண் என்கிறார்கள். ஒரு கால் இழுபட்ட தடத்தால் நொண்டி. மென்று சிந்திய புல்லுருண்டைகளால் பல்லொன்று குறைவு. எறும்பு மொய்த்த பக்கம் வெண்ணெய்ச் சுமை, ஈ மொய்த்த பக்கம் தேன் சுமை. இவ்வளவும் காணாமலே சொன்னவர்களை ஒட்டகக்காரன் திருடர் என்று முறையிட, சிறையில் அடைத்தார்கள். ஒட்டகம் கிடைத்த பின்பே விடுதலை. இதே ஒட்டகம் தமிழில் அலகேச கதையிலும் தொலைகிறது. அங்கே கண்டுசொன்ன நால்வருக்கு மந்திரி வேலை கிடைத்தது.

வால்போல் கதையை நினைவிலிருந்து எழுதியபோது ஒட்டகம் கோவேறு கழுதையாகிவிட்டது. இலங்கைக்கு ஒட்டகம் அந்நியம். மன்னாரிலோ கழுதைகள் இன்றும் தெருவில் திரிகின்றன. ஆகவே இப்பிழை விலங்கைப் பாதி வழி ஊருக்குக் கொண்டுவந்தது எனலாம்.

பெரிய பிழை வேறு. இளவரசர் செய்தது முழுக்கத் தடம் பார்த்து உய்த்தறிதல். தற்செயலாகக் கிடைத்த பரிசு எதுவும் அதில் இல்லை. வன்னியில் பட்டிமாடு வைத்திருப்போருக்கு அது அன்றாட வேலை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ காட்டுக்குள் இறங்கிய மாட்டை, குளம்படி, சாணத்தின் ஈரம், ஒடிந்த கொப்பு ஆகியவற்றைக் கொண்டே தேடுவர். இதற்காக எவரும் சிறை போவதில்லை. சிறைப்படுவது மாடுதான்: வீதியில் நின்றால் கட்டாக்காலி என்று பிரதேச சபை பிடித்து அடைக்கும், உரிமையாளர் தண்டம் கட்டி மீட்பார்.

மாடு தேடிப் போனவர், நீர்க்கரையில் தேனீ தண்ணீர் குடித்துப் பறக்கும் திக்கைக் கவனித்து, பாலை மரப் பொந்தில் தேன் எடுத்துவந்தால் அதுவே செரன்டிப்பிற்றஸ். மாடும் கிடைத்தால் அது வேறு கணக்கு. 'கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது' இங்கே பொருந்தாது, தெய்வம் தேடப்பட்டதாகையால். 'பழம் நழுவிப் பாலில் விழுந்தது' என்பதில் விழுந்த பழத்துக்கும் சரி, குடித்தவருக்கும் சரி, கூர்மை தேவைப்படவில்லை.

எழுத்துக்கூட்டலில் ஈழத்து வழக்கு 'பிற்றஸ்' என்றும் தமிழக வழக்கு 'பிட்டஸ்' என்றும் முடிக்கும். இரண்டிலும் பகரத்தை இரட்டிக்க வேண்டும்; ஒற்றையாக விட்டால் ஒலி மெலிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த எழுத்து ஒன்றே. தமிழைப் பார்த்து அங்கும் இரண்டு போடும் மாணவருக்குப் புள்ளி வெட்டப்படும்.