'கிளெய்ம்' என்னும் வினைச்சொல் குறித்து ஒரு சாஸ்திர விசாரணை

ஆங்கிலப் பத்திரிகைகளில் பிறர் கூற்றை எடுத்துரைக்க வரும் வினைகளுள் 'செட்' (said) என்பது, சபையில் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும் பணியாளைப்போல, வந்ததும் போனதும் தெரியாமல் தன் கடமையை முடித்துவிடுவதாகையால், அதில் ஆராய்வதற்கு விஷயம் சொற்பம். ஆராய்ச்சிக்குரியது 'கிளெய்ம்' (claim) என்பதே. ஏனெனில், சொன்னவனுடைய வாக்கியத்தில் ஓர் அட்சரத்தையும் மாற்றாமல், அவன் பொய்யனாகவும் இருக்கக்கூடும் என்று வாசகன் காதில் ஓதிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

லத்தீனில் கூவுதலைக் குறித்த தாதுவிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து வந்து சேர்ந்த இச்சொல், நிலத்துக்கும் மகுடத்துக்கும் பாத்தியதை கொண்டாடுவோர் வாயில் நெடுங்காலம் வாழ்ந்தது. 1849-இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடியவர்கள் முளையடித்து வளைத்துக்கொண்ட துண்டு நிலத்துக்கும் இதுவே பெயர். சொத்துக்குப் பாத்தியதை கொண்டாடியவன் நாளடைவில் சத்தியத்துக்கும் கொண்டாடத் தொடங்கியபோதுதான் வைதிகர்கள் விழித்துக்கொண்டார்கள். நியூயார்க் 'ஈவ்னிங் போஸ்ட்' ஆசிரியராக இருந்த கவி பிரையன்ட் தம் விலக்குப் பட்டியலில் இதைச் சேர்த்தார். 1926-இல் வெளிவந்த ஃபவ்லரின் பிரயோக அகராதியும் இதைக் கண்டித்தது. இருவர் பேச்சும் எடுபடவில்லை என்பது பிரத்தியட்சம்.

இனி இலக்கணம். இவ்வினையின் சந்தேகப் பொருள் தன்மையில் தோன்றாது, படர்க்கையிலேயே தோன்றும். தம்மைத் தாமே ஐயுறுவார் அரியர் ஆகலின் என்க. உதாரணமாக, லண்டனில் ஒரு கிடங்கு தீப்பற்றி எரிந்ததாகக் கொள்வோம். தீ இரவு இரண்டு மணிக்குப் பிடித்ததென்று தீயணைப்பு அதிகாரி 'செட்'. அவ்வேளையில் தாம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்ததாகக் கிடங்கின் சொந்தக்காரர் 'கிளெய்ம்டு'. எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை, எந்தச் சாட்சியும் கூண்டேறவில்லை. ஆயினும் அம்மனிதர் பாதிக் குற்றவாளி ஆகிவிட்டார்! இது கருதியே, 'செட்' என்பதற்குப் பதிலாக இதைக் கண்டபடி எழுதலாகாதென்று இக்காலத்துப் பத்திரிகாலயங்கள் சில தம் நிருபர்களை எச்சரிக்கின்றன. மந்திரி சொன்னால் ஒரு வினையும், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி சொன்னால் மற்றொரு வினையும் நிருபரின் பேனாவில் தானாக ஊறிவருவதை நோக்குமிடத்து, அந்த எச்சரிக்கை இன்னும் உரக்க ஒலிக்கலாம் என்பது நம் துணிபு.

பெயர்ச்சொல்லாகும்போது இதன் குணமே வேறு. மேற்சொன்ன கிடங்குக்காரர் மறுநாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் படியேறினால், அங்கே நீட்டப்படும் பாரத்தின் தலைப்பிலேயே இச்சொல் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அதன் கீழே அவரே மனமுவந்து கையெழுத்திட வேண்டும்.